ப்ரஸ்தீ என்று முடியும் பாட்டு

ரஷ்யாவின் சமாரா நகரத்தில் ராதியோன் என்று ஒரு பாடகன் இருந்தான். கனத்த குரல், பெரிய உடம்பு, சுத்தப் பயந்தாங்கொள்ளி. பயத்தை மறைக்கவும் அவனுக்குத் தெரியாது.

பழைய ரஷ்யக் கவிதைகளுக்கு லீதியா அர்க்காத்யெவ்னா மெட்டுப் போடுவாள், அவன் பாடுவான். அவனைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் பாட்டென்று வந்துவிட்டால் அவள் குரு, அவன் சீடன். அதில் அவனுக்கு வெட்கமில்லை.

அன்று சாயங்காலம் கச்சேரி. கடைசிப் பாட்டின் கடைசிச் சொல் 'ப்ரஸ்தீ'. வினையே அங்கேதான். போன கச்சேரியில் அந்தச் சொல் வந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. பியானோ மட்டும் தனியாகப் போய் முடிந்தது. யாரோ இருமினார்கள். இன்றைக்கும் அப்படி ஆனால் பாட்டு வேறொருத்தனுக்குப் போய்விடும். அந்த வேறொருத்தன் இப்போதே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டான்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் ராதியோன் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"லீதியா அர்க்காத்யெவ்னா, ஒன்று கேட்கணும்."

"காலையிலிருந்து அந்த ஒன்றைத்தானே கேட்கிறீங்க?"

"ப்ரஸ்தீ என்றால் 'மன்னித்துவிடு'. பழைய கவிதையில் 'போய்வருகிறேன்' என்றும் அர்த்தம் வரும். கவிஞர் எதை நினைத்து எழுதினார்?"

"செத்துப் போனவரிடம்தான் கேட்கணும். அவசரமா?"

"விளையாடாதீங்க. மன்னிப்பு என்றால் குரல் குனியணும். விடைபெறுவது என்றால் நிமிரணும். அந்த இடம் வந்ததும் எது, எது என்று யோசிக்கிறேன். அதற்குள் மூச்சு தீர்ந்துபோகிறது. நீங்க எதை நினைத்து மெட்டுப் போட்டீங்க? அதையாவது சொல்லுங்க."

லீதியா எழுந்தாள். கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டாள். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டாள். கதவுப் பிடியில் கை வைத்துத் திரும்பினாள்.

"ப்ரஸ்தீ" என்றாள். ராகமில்லை, அழுத்தமில்லை. வெறும் சொல்.

ராதியோன் கதவருகே ஓடினான். பியானோ வாசிக்க வேண்டியவளே அவள்தான்.

"எதற்கு? என்ன செய்துட்டீங்க?" என்றான். அவள் கதவுப் பிடியை விடவில்லை. "எங்கே கிளம்பிட்டீங்க? இப்போது போனால் நான் என்ன செய்வேன்?"

வெளியே கச்சேரிக்கான முதல் மணி அடித்தது. லீதியா தொப்பியைக் கழற்றினாள். கோட்டைக் கழற்றி, இருந்த ஆணியிலேயே மாட்டினாள்.

"எதை நினைத்துச் சொன்னீங்க?" என்றான் ராதியோன்.

"நான் ஒரு சொல்தான் சொன்னேன், ராதியோன் இல்யீச். 'எதற்கு', 'எங்கே' என்ற கேள்வி இரண்டும் உங்களுடையது. சபைக்கும் வாய் இருக்கிறது, அந்தக் கேள்விகளை அவர்களும் கேட்கட்டும்."