ஏழு புற்று ஆட்டம் யாருக்கு?

மலையடிவாரத்தில் இருந்த ஒரு காட்டில் முள்ளி என்றொரு முள்ளம்பன்றி வாழ்ந்தாள். சும்மா இரு என்றால் அவளால் முடியவே முடியாது. எப்போதும் ஏதாவது ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டே இருப்பாள்.

அப்படி அவள் உருவாக்கியதுதான் ஏழு புற்று ஆட்டம். ஏழு புற்றுகளுக்கு நடுவே ஒரு வழி வளைந்து வளைந்து போகும். நடுவில் குழி வரும், முள்வேலி வரும், வழுக்குப்பாறை வரும். எதிலும் மாட்டாமல் ஓடிப்போய் ஏழாவது புற்றில் தொங்கும் மாட்டுமணியை அடித்தால் வெற்றி. குட்டிகள் சாப்பாட்டை மறந்து ஆடின.

நரி ஒரு கம்பெனி வைத்திருந்தான். நாலு ஓநாய்கள், பெரிய மைதானம், ஊரையே கூட்டும் தொண்டை. "ஆட்டத்தை எங்களிடம் கொடு முள்ளி. காடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்" என்றான்.

அந்தக் காட்டில் ஒப்பந்தத்தை யாரும் எழுதிவைப்பதில்லை. மைனாவிடம் சொல்லிவைப்பார்கள். ஒரு தடவை கேட்டால் போதும், ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லிவிடும்.

"ஆட்டம் இனி நரிக் கம்பெனிக்கு. முள்ளி இதைப் போல இன்னொன்று கட்டக் கூடாது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் நரி புதுவழி போட வேண்டும். ஒரு தடவை தவறினாலும் ஆட்டம் முள்ளிக்கே திரும்பும்."

இருவரும் சம்மதித்து இப்படிச் சொன்னதை மைனா கேட்டுக்கொண்டது.

ஒரு மழைக்காலம் முடிந்தது. நரி என்ன செய்தான் தெரியுமா? புற்றுகளுக்குச் செம்மண் பூசி, நாலு பூவைச் செருகிவிட்டு, "புத்தம் புது ஏழு புற்று! ஓடி வாருங்கள்!" என்று கத்தினான். முள்ளி போய்ப் பார்த்தாள். அதே குழி, அதே வேலி, அதே பாறை. எட்டாவது புற்றுக்கு ஒரு சுரங்கவழி அவள் மனதில் எப்போதோ தயார். ஆனால் ஒரு பிடி மண்ணைக்கூட அவள் தோண்டக் கூடாதே. இப்படியே விட்டால் அலுத்துப்போய் ஒருவரும் வரமாட்டார்கள், ஆட்டமே செத்துப்போகும்.

நேராகக் கரடியாரிடம் போனாள். காட்டு வழக்குகளுக்கு அவர்தான் நடுவர். விளையாட்டு என்றாலே முகத்தைச் சுளிப்பவர்.

மைனா ஒப்பந்தத்தைச் சொன்னது. நரி அசரவில்லை. "புதுவழிதான் போட்டேன். பழைய தடமெல்லாம் மழையில் கரைந்துவிட்டது. இது பழசு என்பதற்கு என்ன சாட்சி?"

முள்ளி யோசித்தாள். "கண்ணைக் கட்டி ஒருவரை ஆடச் சொல்லுங்கள். புதுவழி என்றால் குழியில் விழுவார். விழாமல் போய் மணியடித்தால் அது பழைய வழி."

"சரிதான். ஆனால் குட்டிகளெல்லாம் உன் பக்கம்" என்றான் நரி. "நேற்றே வந்து பழகியிருப்பார்கள். பொதுவான ஆள் வேண்டும். நம் நடுவரே ஆடட்டுமே."

முள்ளிக்குப் பகீரென்றது. ஆடியே பார்க்காதவர் எந்த வழியிலும் விழத்தானே செய்வார்? அதைச் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள், "நானா... எனக்கெதற்கு இதெல்லாம்..." என்று இழுத்துக்கொண்டே கரடியார் கண் கட்டத் தலையைக் குனிந்துவிட்டார்.

தேக்கிலையால் கண்ணைக் கட்டினார்கள். கரடியார் நடந்தார். குழி வந்ததும் தாண்டினார். வேலி வந்ததும் குனிந்தார். பாறை வந்ததும் உட்கார்ந்து சறுக்கினார். டங்கென்று மணி அடித்தது.

கரடியார் இலையை அவிழ்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எல்லோரும் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து வந்து ஆடுவேன். போன வருஷம் மட்டும் நாற்பது தடவை இருக்கும். செம்மண் பூசிய பிறகு இன்றுதான் முதல் தடவை. கால் தானாகப் போகிறது. இது பழைய வழிதான். ஆட்டம் முள்ளிக்கு."

முள்ளி அழுதேவிட்டாள். அழுதுகொண்டே அன்றைக்கே தோண்ட ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் நரி தயங்கித் தயங்கி வந்தான். "கூட்டம் சேர்க்க ஆள் வேண்டாமா முள்ளி?"

"வேண்டும்தான். கத்துவது உன் வேலை, வழி போடுவது என் வேலை. மைனாவைக் கூப்பிடு" என்றாள்.

எட்டாவது புற்று திறந்த அன்று வரிசையில் முதல் ஆள் கரடியார். இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டுதான் ஓடினார். முதல் வளைவிலேயே தொப்பென்று குழியில் விழுந்தார். எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, சிரித்தபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

நீதி: பிறர் படைத்ததை வாங்கி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, கொடுத்த வாக்குப்படி அதை வளர்ப்பவரிடமே அது நிலைக்கும்.