மதகுக்கல்லைத் தொட ஓடிய உப்புக்காரி

ஆறுகளுக்கு நீரும் அரசர்களுக்குக் காதும் இருந்த காலத்தில், ஒரே ஒரு வாய்க்கால் மூன்று ஊர்களுக்குப் பாய்ந்தது. கேட்க வந்தவர்களே, அந்த மூன்று ஊர்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை அதைவிடப் பெரிதில்லை.

அணையை ஒட்டியிருந்தது பெருமங்கலம், அது தலைமடை. நடுவில் பூவத்தூர். கடலோரத்தில், வாய்க்கால் இளைத்து முடிகிற இடத்தில், உவர்க்குடி, அது கடைமடை. தலைமடைக்காரன் நீரைப் பார்ப்பான், நடுமடைக்காரன் நீரைக் கேட்பான், கடைமடைக்காரன் நீரைக் கனவு காண்பான் என்று அந்த நாட்டில் ஒரு பேச்சு உண்டு.

ஆண்டுதோறும் நீர்ச்சண்டை நடந்தது. ஆண்டுதோறும் மண்டைகள் உடைந்தன. சலித்துப்போன ஓர் அரசன் சட்டம் செய்து கல்லில் வெட்டிவைத்தான். அக்கினி நட்சத்திரத்தின் உச்சிவேளையில், ஊருக்கு ஓர் ஆள் கடற்கரையிலிருந்து வாய்க்கால் கரைவழியே அணைவரை ஓட வேண்டும். மதகுக்கல்லை முதலில் தொடுபவரின் ஊருக்கு முதல் நீர். அந்த ஊரின் வயல் நிறையும்வரை மற்ற ஊர்களின் மடைகள் மூடியே இருக்கும்.

அந்த வெயிலில் ஓடத் துணியாதவனுக்கு உண்மையான தாகம் இல்லை என்பது அரசனின் வாதம். வாதம் நன்றாகத்தான் இருந்தது. அவன் அதை நிழலில் உட்கார்ந்து யோசித்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சட்டம் வந்த நாள் முதல் பெருமங்கலமே வென்றது. உவர்க்குடி ஒருமுறையும் வென்றதில்லை. இந்தக் கதை நடந்த ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, நீர் கடைசியாக வந்து சேர்ந்தபோது அங்கே நாற்று காய்ந்து சருகாகியிருந்தது. பாதிக் குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. மீதிப் பாதி, கிணற்றில் ஊறிய கலங்கல் நீரைக் குடத்தில் சுமந்து ஊற்றி இந்த ஆண்டின் நாற்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. முதல் நீர் வந்தால் நாற்று பிழைக்கும். நாற்று பிழைத்தால் ஊர் பிழைக்கும். இல்லையென்றால் அடுத்த ஆண்டு ஓடுவதற்கு உவர்க்குடியில் ஆளே இருக்காது.

யார் ஓடுவது என்று ஊர் கூடிப் பேசியது. ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு அன்று பார்த்து ஒரு கல்யாணம். இன்னொருவருக்கு நாள் சரியில்லை. அப்போது செருந்தி எழுந்தாள். உப்புமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையடிவாரச் சந்தைவரை வெயிலில் நடந்து விற்றுவிட்டு வருகிறவள் அவள். பெண் எப்படி ஓடுவது என்று ஒருவர் இழுத்தார்.

“கல்லில் ‘ஊருக்கு ஓர் ஆள்’ என்றுதான் வெட்டியிருக்கிறது, சித்தப்பா. மீசையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மீசை வைத்தவர்கள் ஓடுவதானால் சொல்லுங்கள், நான் உட்காருகிறேன்” என்றாள் செருந்தி.

யாரும் சொல்லவில்லை. அவள் உட்காரவில்லை.

பெருமங்கலத்தின் தலைவர் விழுப்பரையர். அவர் மகன் சேந்தன்தான் அவ்வூரின் ஓட்டக்காரன். மகனின் கால்களில் தந்தைக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் மற்றவர்களின் கால்கள் நின்றால் அந்த நம்பிக்கை இன்னும் உறுதிப்படும் அல்லவா? ஆகவே அவர் வழியில் மூன்று தண்ணீர்ப்பந்தல்கள் போட்டார். வெயிலில் ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் வைப்பது தருமம்; யாரால் தடுக்க முடியும்? ஆனால் ஒவ்வொரு பந்தலிலும் தண்ணீரோடு சேர்த்துச் சில சொற்களையும் வைத்தார். முதல் பந்தலில் ஏச்சு. இரண்டாம் பந்தலில் இரக்கம். மூன்றாம் பந்தலில் புகழ். ஏச்சுக்கு நிற்காதவன் இரக்கத்துக்கு நிற்பான், அதற்கும் நிற்காதவன் புகழுக்கு நிற்பான் என்பது அவர் கணக்கு. மனிதர்களை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். தன் வீட்டு மனிதர்களைத் தவிர.

ஓட்டம் தொடங்கியது. மூன்று ஊர், மூன்று ஆள். பெருமங்கலத்துச் சேந்தன், பூவத்தூர்க் காரி, உவர்க்குடிச் செருந்தி. சேந்தன் வில்லிலிருந்து விட்ட அம்பைப் போலப் போனான். காரி அவன் பின்னே போனான். செருந்தி சேலையைக் கச்சமாக இழுத்துக் கட்டிக்கொண்டு, சந்தைக்குப் போகும் அதே நிதானத்தில் ஓடினாள். தலையில் மூட்டை இல்லாதது அவளுக்கு விடுமுறை போல இருந்தது.

விடுமுறை விரைவில் முடிந்தது. மணல் வறுத்தது. காற்று அடுப்பிலிருந்து வந்தது போல வந்தது. வியர்வை வழிந்து காய்ந்து, அவள் சந்தையில் விற்கிற பொருள் அவள் முகத்திலேயே விளைந்தது.

முதல் பந்தல் வந்தது. அங்கே இருந்தவன் சொல்லால் கல்லெறியத் தெரிந்தவன். காரி அங்கே நின்றுகொண்டிருந்தான். போன ஆண்டு தோற்றுப் போனதற்கு உன் மாமனார் வீட்டில் என்ன விருந்து போட்டார்கள் என்று பந்தல்காரன் அவனைக் கேட்டிருந்தான். இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு ஓடுகிறேன் என்று காரி நின்றான். பதிலுக்கு ஒரு பதில் வந்தது. அதற்கும் இவனிடம் நல்ல பதில் இருந்தது. நியாயமாகச் சொன்னால் அந்த வாய்ச்சண்டையில் காரிதான் வென்றான். பொழுது சாயும்வரை நின்று வென்றான்.

செருந்தியைக் கண்டதும் பந்தல்காரனுக்கு உற்சாகம் கூடியது. “உப்புக்காரி, ஓட வந்தாயா, விற்க வந்தாயா? படி என்ன விலை? உன் ஊரில் ஆண்பிள்ளைகள் எல்லாம் நாற்றங்காலில் ஒளிந்திருக்கிறார்களா?”

சொல் சுட்டது. ஆனால் சந்தையில் பேரம் பேசுகிறவர்களிடம் இதைவிட மோசமாகக் கேட்டுப் பழகிய காது அது. செருந்தி செம்பை வாங்கினாள். தண்ணீரைக் குடித்தாள், சொல்லைக் குடிக்கவில்லை. செம்பை வைத்துவிட்டு ஓடினாள்.

தண்ணீரையும் வேண்டாமென்று தள்ளிவிட்டு ஓடியிருந்தால் அது வீரம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதற்குப் பெயர் வீரம் அன்று, மடமை. வெயில் யாருடைய ரோஷத்தையும் மதிப்பதில்லை.

அடுத்த தொலைவு கொடியது. நிழல்தரும் மரம் ஒன்றுகூட இல்லை. தன் நிழலைத் தனக்கே தராத பனைகள் மட்டும் இருந்தன. விலாவில் பிடித்தது. கெண்டைக்கால் முறுக்கியது. உள்ளங்காலில் கொப்புளம் எழுந்து, உடைந்து, மீண்டும் எழுந்தது. அணையை நினைத்தால் ஓட முடியவில்லை. அது அவ்வளவு தொலைவில் இருந்தது. ஆகவே அவள் அணையை நினைப்பதை விட்டாள். அந்தப் பனைவரை, என்று சொல்லிக்கொண்டு ஓடினாள். பனை வந்தது. அடுத்த பனைவரை, என்றாள். அதுவும் வந்தது. இன்னும் ஒரே ஒரு பனை, என்று தன்னிடமே பொய் சொன்னாள். அந்தப் பொய்யை நம்பி ஓடினாள்.

இரண்டாம் பந்தலில் ஒரு பெண் பனையோலை விசிறியோடு நின்றாள். செருந்தி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தபோது அந்தப் பெண் அவள் முகத்துக்கு விசிறினாள். கூலிக்கு இரங்க வந்தவள்தான். ஆனால் அந்தக் கால்களைப் பார்த்ததும் உண்மையாகவே கொஞ்சம் இரங்கிவிட்டாள். ஆபத்து அதில்தான் இருந்தது.

“தங்கச்சி, உன் காலைப் பார். இவ்வளவு தூரம் வந்ததே உன் ஊர் ஆண்கள் துணியாத காரியம். இப்போது உட்கார்ந்தால் உன்னை யார் குறை சொல்வார்கள்? கொஞ்சம் சாய்ந்துகொள், அம்மா.”

ஏச்சை எதிர்க்க உடம்பே துணைக்கு வரும். இரக்கம் வந்தால் உடம்பு கட்சி மாறிவிடும். செருந்தியின் முழங்கால் மடங்கியது. முதுகு பந்தல்காலில் சரிந்தது. விசிறிக் காற்று தாயின் கை போல இருந்தது. உண்மைதான், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஊரே வந்து தூக்கிக்கொண்டு போகும், பாவம் என்று சொல்லும். பிறகு அந்த ஊர் தன் மூட்டையைக் கட்டும்.

அவள் கையை ஊன்றி எழுந்தாள்.

“என் கால் ஆறிவிடும், அக்கா. காய்ந்த நாற்று ஆறாது” என்றாள்.

அங்கும் தண்ணீரைக் குடித்தாள், சொல்லைக் குடிக்கவில்லை.

இனி சேந்தனிடம் வருவோம். அவன் வெகுமுன்னே ஓடிக்கொண்டிருந்தான். மூன்று பந்தல்களின் மர்மமும் அவனுக்குத் தெரியும். மூன்றாம் பந்தலில் பாடவேண்டிய புகழ்ச்சியில் பாதியை எழுதியதே அவன்தான். முதல் இரண்டு பந்தல்களை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாவதையும் அப்படியே தாண்டியிருப்பான். ஆனால் அங்கே தட்டில் சந்தனமும் மாலையும் இருந்தன. அவற்றின் நடுவில் பட்டுப் பரிவட்டம் இருந்தது. பக்கத்தில் கட்டியங்கூறும் பெரியவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு நின்றார். சேந்தனின் வேகம் சற்றே குறைந்தது.

“இது எனக்கு இல்லையே?” என்றான்.

“இல்லை ஐயா. பின்னால் வருகிறவரை உட்கார வைப்பதற்கு. தங்கள் தந்தையாரின் ஆணை.”

“அப்படியானால் முதல் பரிவட்டம் அவர் தலையிலா கட்டப்படும்?”

“முதலில் கட்டுவதுதானே ஐயா முதல் பரிவட்டம்.”

சேந்தனின் கால்கள் நின்றன. சொந்த ஊர் எல்லை. தந்தை போட்ட பந்தல். அதில் தன் தலைக்கு முன்னால் இன்னொரு தலைக்குப் பரிவட்டமா? பின்னால் வருவது அந்த உப்புக்காரியாக இருந்துவிட்டால்? சூழ்ச்சியாகவே இருக்கட்டும், சூழ்ச்சியிலும் ஒரு முறைமை வேண்டாமா?

“முதலில் எனக்குக் கட்டும். விரைவாகக் கட்டும்.”

“பரிவட்டத்தை விரைவாகக் கட்டுகிற வழக்கம் இல்லை, ஐயா” என்றார் பெரியவர்.

அவன் உட்கார்ந்தான். சந்தனம் பூசினார்கள். மாலை போட்டார்கள். பட்டைச் சுற்றினார்கள். பெரியவர் அவனுடைய முப்பாட்டனிலிருந்து தொடங்கினார். எழுந்து போகலாம்தான், ஆனால் முப்பாட்டன் புகழைப் பாதியில் விட்டு எழுந்தால் அது முப்பாட்டனுக்கு அவமரியாதை. முப்பாட்டன் முடிந்து பாட்டன் வந்தான். குளிர்ந்த பானகமும் வந்தது. வெயிலில் ஓடிச் சூடேறிய தொடைகள், உட்கார்ந்த இடத்திலேயே கல்லாக இறுகின.

பாட்டன் முடிகிற நேரத்தில் செருந்தி வந்து சேர்ந்தாள்.

அவள் உடம்பில் வியர்வை நின்றுபோயிருந்தது. அந்த வெயிலிலும் தோல் சிலிர்த்தது. அதன் பொருளை அவள் அறிவாள். வழியில் சுருண்டு விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறாள். இளையவர் ஒருவர் இரண்டாம் பரிவட்டத்தை ஏந்திக்கொண்டு ஓடிவந்து தொடங்கினார்: கடைமடையின் கொற்றவையே, வெயிலையே வெற்றிகொண்ட வேங்கையே.

உண்மையைச் சொல்லவேண்டும். இனித்தது. பிறந்த நாள் முதல் அவளை யாரும் உப்புக்காரி என்பதற்கு மேல் அழைத்ததில்லை. செருந்தி நின்றாள். இன்னும் ஒரு வரி கேட்டாள். இன்னும் ஒரு வரி வரட்டும் என்று காத்தும் நின்றாள்.

அப்போதுதான் ஆசனத்தில் இருந்தவனைக் கண்டாள். தலையில் பட்டு, கழுத்தில் மாலை. ஆனால் எழ முயன்று எழ முடியாமல் தொடையைப் பிடித்துக்கொண்டு நெளிந்தான். அவளைவிட வேகமான கால்கள் அவை. ஏச்சு நிறுத்தாத கால்களை, இரக்கம் நிறுத்தாத கால்களை, ஒரு முழம் பட்டு நிறுத்தியிருந்தது.

செருந்தி ஒரு செம்பு தண்ணீரை மெல்லக் குடித்தாள். இன்னொரு செம்பை உச்சந்தலையில் ஊற்றிக்கொண்டாள்.

“மிச்சத்தை நான் கல்லைத் தொட்டபிறகு பாடுங்கள், ஐயா. தோற்றுப்போனால் இந்தப் பாட்டு எனக்கு இருக்காது, உங்களுக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

தண்ணீரைக் குடித்தாள், சொல்லைக் குடிக்கவில்லை.

சேந்தன் பதறி எழுந்தான். முப்பாட்டன், பாட்டன் எல்லோரையும் விட்டுவிட்டு எழுந்தான். பரிவட்டத்தைக் கழற்றி எறிய மட்டும் அவனுக்கு மனம் வரவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இறுகிய கால்களை இழுத்துக்கொண்டு ஓடினான். ஆனாலும் அவன் ஓட்டக்காரன். நொண்டியபடியே நெருங்கினான். அணையின் ஏற்றத்தில் அவன் மூச்சு அவள் காதில் கேட்டது.

செருந்திக்கு இப்போது பனைகள்கூட இல்லை. கண் இருண்டது. அடுத்த அடி, என்றாள். வைத்தாள். அடுத்த அடி. வைத்தாள். ஏற்றத்தின் உச்சியில் அவளும் அவனும் தோளோடு தோள் வந்தார்கள். பட்டு அவிழ்ந்து சேந்தனின் கண்ணை மறைத்தது. அவன் அதைத் தள்ளக் கை தூக்கினான். செருந்தி கல்லைத் தொடக் கை நீட்டினாள்.

சுடுகல் உள்ளங்கையில் பட்டது. அதன்மேலேயே அவள் விழுந்தாள்.

விழுப்பரையர் ஓடிவந்து வழக்கு வைத்தார். பந்தலின் மரியாதையை ஏற்காமல் வந்தது தருமத்தை அவமதித்த குற்றம் என்றார். மதகுக் காவலர் கல்வெட்டைத் தடவிப் பார்த்தார்.

“தொடவேண்டும் என்றுதான் இருக்கிறது. தொட்டாயிற்று” என்று சொல்லி, மதகை அடைத்திருந்த பலகையைத் தூக்கினார். முதலில் வந்த நீரை அள்ளிச் செருந்தியின் முகத்தில் தெளித்தார்; அவள் கண் விழித்தாள்.

நீர் இறங்கியது. மூடிய மடைகளைக் கடந்து, பெருமங்கலத்தைத் தாண்டி, பூவத்தூரைத் தாண்டி, வரப்பில் நின்று பார்த்தவர்களின் முகங்களைத் தாண்டி, முதன்முறையாகத் தெளிந்த நீராக உவர்க்குடிக்குப் போய்ச் சேர்ந்தது. வாடித் தலைசாய்ந்திருந்த நாற்று மறுநாள் காலை நிமிர்ந்தது. அந்த ஆண்டு அந்த ஊரிலிருந்து ஒரு குடும்பமும் போகவில்லை. போயிருந்தவர்களில் சிலர் நடவுக்குத் திரும்பினார்கள்.

ஆகவே கேட்டவர்களே, வழியில் யார் தண்ணீர் கொடுத்தாலும் வாங்கிக் குடியுங்கள், ஆனால் அதோடு சேர்த்து நீட்டப்படும் ஏச்சுக்கும் இரக்கத்துக்கும் புகழுக்கும் நின்றுவிடாத கால்களே எல்லையைத் தொடும்.