பொங்கியண்ணன் தாத்தன் உதறிப்போட்ட துண்டு

நான் சந்தையில மாட்டுக்கயிறு விக்கிறவனுங்க. மாடு கை மாறினா பழைய கயித்தை வித்தவங்க உருவிக்குவாங்க, வாங்கினவங்க எங்கிட்டத்தான் புதுசு வாங்கோணும். அதனால எந்த மாட்டுக்கு வெலை படியுதுன்னு கண்ணு அங்கயேதான் இருக்கும். போன சந்தையில பாவாயக்கா செவலை மாட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. கெணத்து மோட்டாரு எரிஞ்சுபோய் வெங்காயம் வாடுதாம். மாடு நாப்பதாயிரத்துக்குப் போனாத்தான் புது மோட்டாரு.

தரகு பேச வந்தவரு பொங்கியண்ணன். வாங்க வந்த மாரப்பன் கையைப் பிடிச்சு, மேல துண்டைப் போட்டாரு. எங்க சந்தையில வெலையை வாயில சொல்றதில்லீங்க. துண்டுக்கடியில வெரலைத் தொட்டுத்தான் பேசிக்குவாங்க. கை பேசுறப்ப பொங்கியண்ணன் வாய் சும்மா இருக்குமா?

"இது யாரு துண்டுன்னு நெனைக்கிறீங்க? ரோமாபுரிக்காரன் பச்சைக்கல்லு வாங்க நம்ம சீமைக்கு வந்தான். அவன் பேசறது நமக்குப் புரியல, நாம பேசறது அவனுக்குப் புரியல. எங்க தாத்தனுக்குத் தாத்தன் அவன் கையைப் பிடிச்சு இதைப் போட்டாரு பாருங்க! மூணே வெரலு. கப்பல்ல இருந்த பொன்னையெல்லாம் கொட்டிட்டுக் கோமணத்தோட ஊருக்குப் போனான்."

"ரோமாபுரியில கோமணமெல்லாம் கட்டுவாங்களாண்ணா?"ன்னு கேட்டேன்.

"அதுவரைக்கும் கட்டலை. எங்க தாத்தன் குடுத்ததுதான்."

"வெலை எங்கிங்ணா நிக்குது?"ன்னாங்க பாவாயக்கா.

"வாயில சொல்லக்கூடாது அம்மிணி. ஏறுது, ஏறுது. அப்புறம் சீனாக்காரன் பட்டோட வந்தான். தூரம் ஜாஸ்தி, கை எட்டலை. தாத்தன் துண்டை ஒரு உதறு உதறினாரு. இந்தக் கோடி காவேரிக்கரையில, அந்தக் கோடி சீனாவுல! பட்டுப்பாதை பட்டுப்பாதைங்கறாங்களே, அது பாதையே இல்லீங்க. எங்க துண்டு! அதுக்கடியிலதான் காயிதம் வந்துச்சு, வெடிமருந்து வந்துச்சு, அரபிக் குதிரை வந்துச்சு. அம்மை நோவுகூட நைசாப் பூந்து போயிருச்சு. அதுக்கு மட்டும் தாத்தன் தரகு வாங்கலை."

"அண்ணா, மாடே சிரிக்குது"ன்னேன்.

"சிரிக்கட்டும். வெள்ளைக்காரன் ஒருத்தன் இந்தத் துண்டு நுனியைத் தேடிக் கப்பல் ஏறினான். தெசை தப்பி அமெரிக்காவுல போய் முட்டிக்கிட்டான். அந்த வெக்கத்துல மொளகா, நெலக்கடலை, மக்காச்சோளம்னு மூட்டை மூட்டையா அனுப்பி வெச்சான். இல்லீன்னா இன்னிக்குச் சட்டினிக்கு எங்கய்யா போவே?"

பாவாயக்காவுக்கு மூஞ்சி சிவந்துபோச்சு. "பொழுது எறங்குதுங்ணா. மாட்டைப் பத்திப் பேசுங்க"ன்னுட்டுக் கிட்டத்துல வந்து நின்னுக்கிட்டாங்க.

"இருங்க அம்மிணி, முக்கியமானது இனித்தான். அன்னிக்கெல்லாம் உலகம் தட்டையாத்தான் கெடந்துச்சு. துண்டோட நாலு கோடியிலயும் நாலு தேசத்துக்காரன் நின்னுக்கிட்டு, எனக்கு உனக்குன்னு இழுக்கிறான். தாத்தனுக்குக் கோவம் வந்துருச்சு. நாலு கோடியையும் சேத்துப் பிடிச்சு இப்படி ஒரு இழு, இப்படி ஒரு முடிச்சு! அன்னிக்கு உருண்டையானதுதானய்யா உலகம்!"

முடிச்சுப் போட்டுக் காட்டறதுக்கு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினாரு.

ரெண்டு கையையுமுங்க! துண்டு என்னமோ மாரப்பன் கை மேலயேதான் கெடக்குது. அதுக்கடியில இன்னொரு கை அசையுது. உத்துப் பாத்தா, பாவாயக்கா கை! பொம்பளைங்க துண்டுக்கடியில கை வெக்கிற வழக்கமே எங்க சந்தையில கெடையாது. ஆனா வருசா வருசம் மாடு ஓட்டிட்டு வந்து நிக்கிறவங்களுக்கு வெரல் கணக்குத் தெரியாமயா போகும்?

"படிஞ்சுதுங்க"ன்னு மாரப்பன் துண்டை எடுத்துட்டு, நாப்பத்திரண்டாயிரத்தை எண்ணி அக்கா கையில குடுத்தாரு. அக்கா பழைய கயித்தை உருவினாங்க. நான் சட்டுனு புதுசை நீட்டினேன்.

பொங்கியண்ணன் தூக்கின கையை எறக்கவே இல்லை. "அம்மிணி, என்ர தரகு?"

அக்கா பணத்தை முந்தானையில முடிஞ்சுக்கிட்டே சொன்னாங்க: "மாட்டை வித்தது நானுங்ணா. உலகத்தை உருட்டினதுக்கு உங்க தாத்தன் ஏதாச்சும் வாங்கியிருப்பாருல்ல, அதுல எடுத்துக்குங்க."