ஒரு கண் வைத்த எருமைநாக்கு

கடலடியில் எல்லாமே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எருமைநாக்கு மீனுக்கும் மற்ற மீன்களைப்போல இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண். நிமிர்ந்துதான் நீந்துவான். என்ன, கொஞ்சம் சோம்பேறி. சொன்னதற்கு மேல் ஒரு துரும்பைக்கூட நகர்த்தமாட்டான்.

அவன் பக்கத்துப் பாசியில் ஒரு கணவாய் முட்டையிட்டாள். நாவற்பழக் கொத்து மாதிரி கறுப்பாய்த் தொங்கின. கணவாய்க்கு ஆயுசு அவ்வளவுதான். முட்டையிட்ட பிறகு உடம்பில் தெம்பு நிற்காது.

“தம்பி, நான் இன்னும் ரெண்டு நாள் தாங்குனாப் பெருசு. பிள்ளைங்க மேல ஒரு கண்ணு வச்சுக்கப்பா” என்றாள்.

“அதுக்கென்னக்கா, வச்சுட்டாப் போச்சு” என்றான் எருமைநாக்கு.

ஒரு கண்தானே கேட்டாள்? இன்னொன்று எதற்கு வெட்டியாகப் பார்க்க வேண்டும்? மணலில் ஒருக்களித்துப் படுத்துவிட்டான். மேல் கண் முட்டைகளைப் பார்த்தது. கீழ்க் கண் மணலுக்குள் சுகமாகப் புதைந்து கிடந்தது. அந்தப் பார்க்காத பக்கமாகத்தான், மணலை ஒட்டி நெளிந்து வந்தது விலாங்கு. வந்த வேகத்தில் பாதிக் கொத்தை விழுங்கிவிட்டுப் போயே போய்விட்டது.

“அடப்பாவி! உன்னை நம்பித்தானே விட்டேன்!” என்று கணவாய் தவழ்ந்து வந்தாள்.

“நீ ஒரு கண்ணுதானேக்கா வைக்கச் சொன்ன...”

சொல்லும்போதே அவனுக்கு நாக்குக் குழறியது. கணவாய் மிச்சமிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை, அவனுக்கு அவ்வளவு வெட்கமாகப் போய்விட்டது.

நிமிர்ந்து நின்றால் விலாங்கு கண்டுகொள்ளும். அதனால் மறுபடியும் மணலோடு மணலாகப் படுத்து, கீழே கிடந்த கண்ணை மேல்நோக்கித் தள்ளினான். முகம் கோணியது, வாய் கோணியது, உயிர் போகிற வலி. கண் தலை உச்சிக்கு ஏறிய நேரம் விலாங்கு திரும்பி வந்தது. இனி நகர்த்த நேரமேது? இரண்டு கண்ணாலும் பார்த்துப் பாய்ந்து கடித்தான். விலாங்கு அரை வாலோடு ஓடியது.

“அக்கா, இப்ப ரெண்டு கண்ணும் வச்சிருக்கேன்!”

கணவாய் அசையவில்லை. அது அவள் காதில் விழுந்ததோ, என்னவோ.

குஞ்சுகள் பொரிந்து போகும்வரை அவன் எழுந்திருக்கவே இல்லை. வெளிச்சம் படாத கீழ்ப்பக்கம் வெளுத்துப்போனது. அன்று தொட்டுத்தான், பக்கத்துக்கொரு கண்ணோடு பிறக்கும் எருமைநாக்குக் குஞ்சுக்கு, வளர வளர ஒரு கண் புறப்பட்டு மேலே ஏறுகிறது. ஏறி, விலாங்கு திரும்பி வந்தபோது எங்கே நின்றதோ, அந்த உச்சியிலேயே நின்றுவிடுகிறது.