மைத்துனருக்கு ஒரு வட்டம்

மங்கலபுரியை ஆண்ட சித்திரசேன ராஜா ஒரு நகரசபை வைத்திருந்தார். ஊரை வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு ஓர் உறுப்பினர். வேட்பாளருக்கு ஒரு பானை. ஜனங்கள் பிடித்தவர் பானையில் ஓலையைப் போடுவார்கள்.

குளத்தங்கரை வட்டத்தில் ராணியின் தம்பி தாண்டவராயன் நின்றான். ஜெயித்தால் ஊர்க்குளத்தை வளைத்துத் தன் யானைக்குக் குளியலறை ஆக்குவதாக உத்தேசம். எதிர்த்து நின்ற பால்காரி பேச்சியம்மாள் அவனை மண்ணைக் கவ்வ வைத்தாள்.

ராணி சாப்பிடமாட்டேன் என்று படுத்துவிட்டாள். ராஜா அரசவை விகடகவி கோனேரியை அழைத்தார்.

"போன தேர்தல் செல்லாது. வட்டத்தின் எல்லையை மாற்றிப் போடும். என் மைத்துனன் ஜெயிக்கவேண்டும். இல்லையென்றால் நீர் ஊரைவிட்டே போகவேண்டியதுதான்."

"எல்லை எவ்வளவு சின்னதாகவும் இருக்கலாமா, மகாராஜா?"

"எப்படியாவது இருக்கட்டும். அவனுக்கு ஆகாதவர்களை வெளியே தள்ளும்."

கோனேரி விசாரிக்கக் கிளம்பினார். நெசவாளர் தெருவில், காயப்போட்ட பாவு நூலின்மேல் தாண்டவராயன் யானையை ஓட்டியிருந்தான். அந்தத் தெரு வெளியே போனது. கோயில் தெருவில், சுவாமிக்குக் காட்டுமுன்பே பொங்கலைத் தின்றிருந்தான். அதுவும் போனது. பக்கத்து வீட்டுக்காரர் அவன் பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்தினார். கடைசியில் தாண்டவராயன் மாளிகை மட்டுமே மிஞ்சியது. அதையே வட்டமாக்கினார் கோனேரி.

மறுதேர்தலன்று ராஜாவே நேரில் வந்து உட்கார்ந்தார். கூடத்தில் இரண்டு பானைகள். காவல்காரன் போட்டான், சமையல்காரர் போட்டார், தாண்டவராயன் மனைவி போட்டாள், கடைசியாக அவனும் போட்டான்.

பானைகளைக் கவிழ்த்தார்கள். அத்தனை ஓலையும் பேச்சியம்மாள் பானையில். தாண்டவராயன் பானையில் ஒரு பல்லி இருந்தது.

ராஜா மைத்துனன் மனைவியைப் பார்த்தார். "நீயுமா அம்மா?"

"ஜெயித்தால் சபையே கதியென்று கிடப்பார், வீடு நிம்மதியாக இருக்கும் என்று ஆசைதான் அண்ணா. ஆனால் ஊர் பாவமில்லையா?"

"அது சரி. தாண்டவராயா, உன் ஓலை எங்கேடா?"

அவன் தலையைச் சொறிந்தான். "எட்டிப் பார்த்தேன் அத்தான். எல்லாரும் அந்தப் பானையில் போட்டிருந்தார்கள். தோற்கிறவனுக்குப் போட்டு ஓலையை வீணாக்குவானேன்?"

ராஜாவின் முகம் சிவந்தது. கோனேரி பக்கம் திரும்பினார். "நீர் போட்ட எல்லையின் லட்சணம் இதுதானா?"

"சின்னத் திருத்தம் பாக்கி, மகாராஜா," என்றார் கோனேரி பணிவாக. "அவருக்கு ஆகாதவர்களை வெளியே தள்ளச் சொன்னீர்கள். உள்ளே இன்னும் தாண்டவராயர் இருக்கிறார்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. பழைய எல்லையே நிலைத்தது, குளமும் தப்பியது. கோனேரிக்கு முத்துமாலை கிடைத்தது. ராணி மட்டும் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.