காற்றுக் குடித்த மீன்

வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு தூரதேசத்துக் காட்டில் ஒரு குட்டை இருந்தது. அதில் ஜிலேபிக் கெண்டைகள் கூட்டம் கூட்டமாகப் பெருகிக் கிடந்தன. அவற்றோடு இரண்டே இரண்டு நுரையீரல் மீன்களும் வாழ்ந்தன. அண்ணன் பெயர் மூச்சாண்டி. தங்கை பெயர் சேறாயி.

நுரையீரல் மீன் லேசுப்பட்ட இனம் இல்லை. தரையில் ஒரு தவளைகூட நடக்காத காலத்திலேயே காற்றைக் குடிக்கப் பழகிய இனம். அதன் பங்காளிகள்தான் பிற்பாடு கால் முளைத்துக் கரையேறினார்கள். தவளை, உடும்பு, நாரை எல்லாம் அந்த வழிதான். கதை கேட்கிற நீங்களும் நானும்கூட அந்த வழிதான். முகத்தைச் சுளிக்காதீர்கள், படித்தவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்!

நுரையீரல் மீன்களுக்குச் செவுள் மட்டும் போதாது. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கினால்தான் உயிர் தங்கும். அதைப் பார்த்துக் கெண்டைகளுக்கு ஒரே சிரிப்பு.

"தண்ணியில இருந்துக்கிட்டுக் காத்துக்கு அலையுது பாரு!"

அந்த வருஷம் மழை பொய்த்தது. குட்டை சுருங்கியது. தினமும் ஒரு நாரை வந்து கெண்டைகளைக் கொத்திக்கொண்டு போனது. மேலே போய் வருகிற மூச்சாண்டி வெளியே நடப்பதைப் பார்த்தான். வானத்தில் மேகம் இல்லை. குட்டையை ஆற்றோடு சேர்க்கும் வாய்க்காலில் ஒரு சாண் தண்ணீர்தான் மிச்சம்.

பதறிப்போய்க் கெண்டைகளின் தலைவர் செதிலப்பனிடம் போனான்.

"தலைவரே! வாய்க்கால் வத்துது! இன்னிக்கே எல்லாரும் ஆத்துக்குப் போயிடுங்க!"

"நீயும் வர்றியா?"

"எனக்கென்ன, சேத்துக்குள்ள படுத்துக்குவேன். செத்தா நீங்கதான் சாவீங்க!"

சொன்னது உண்மைதான். ஆனால் அதை இப்படியா சொல்வது? செதிலப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"கேட்டீங்களா! நம்மளை விரட்டிட்டுக் குட்டையை அமுக்கப் பாக்குறான்! இவன் மேல மேல போய்த் தலை காட்டுறதாலதான் நாரையே வருது!"

வாய்க்குள் குஞ்சுகளை வைத்துக் காக்கும் ஒரு தாய்க் கெண்டை அவற்றை வெளியே விட்டுவிட்டுக் கேட்டது.

"ஒருவேளை நிஜமா இருந்தா? என் புள்ளைங்க கதி என்ன?"

செதிலப்பன் கொஞ்சம் யோசித்தார்.

"சரி, சோதிச்சுப் பாத்துடுவோம். சூரியன் உச்சிக்கு வர்ற வரைக்கும் இவன் மேல போகாம அடியிலயே இருக்கட்டும். இருந்துட்டா இவன் மீன்தான், நம்ம ஆளுதான். இவன் பேச்சைக் கேட்டு எல்லாரும் கிளம்புவோம்!"

"தலைவரே, அவ்வளவு நேரம் என்னால முடியாது..."

"மீனாப் பொறந்தவன் தண்ணியில சாவானா?"

குட்டையே சிரித்தது. சேறாயி ஓடிவந்து அண்ணனை மறித்தாள்.

"அண்ணே, வேணாம்! யாரோ சாகட்டும், நீ வா!"

"அந்தக் குஞ்சுங்களைப் பாத்தியா தங்கச்சி? உச்சி வரைக்கும்தானே. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுறேன்."

குஞ்சுகளுக்காகத்தான் சொன்னான். அதோடு, 'நம்ம ஆளு' என்ற வார்த்தையை ஒரு தடவையாவது கேட்க அவனுக்கு ஆசை. பாவம்!

அவன் அடியில் போய்ப் படுத்தான். கெண்டைகள் சுற்றி வளைத்துக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பு முறுக்கிக்கொண்டது. தாங்க முடியாமல் மேலே பாய்ந்தான். பத்துக் கெண்டைகள் சேர்ந்து முட்டி அவனைக் கீழே தள்ளின.

"இன்னும் கொஞ்ச நேரம்! இன்னும் கொஞ்ச நேரம்!"

சேறாயி முட்டிப் பார்த்தாள், கடித்துப் பார்த்தாள். கூட்டத்தை உடைக்க முடியவில்லை. கரையில் இருந்த தவளையிடம் கதறினாள்.

"நாம பங்காளிங்க! எங்கண்ணனைக் காப்பாத்து!"

"பங்காளியா? எங்கே, உன் காலைக் காட்டு!" என்றது தவளை. தாவிப் போய்விட்டது.

உச்சிப்பொழுதுக்கு வெகுநேரம் முன்பே மூச்சாண்டி அடங்கிவிட்டான். தண்ணீரில் பிறந்தவன் தண்ணீரிலேயே மூச்சுமுட்டிச் செத்தான். சேறாயி அவன் பக்கத்தில் கிடந்து அழுதாள்.

"பாத்தீங்களா? இவன் மீனே இல்லை!" என்றார் செதிலப்பன்.

தாய்க் கெண்டை தயங்கித் தயங்கிக் கேட்டது. "வாய்க்காலை ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாமா?"

"மீனே இல்லாதவன் சொன்ன பேச்சுக்கா?"

ஒருவரும் போகவில்லை. மூன்றாம் நாள் வாய்க்கால் காய்ந்துவிட்டது.

சேறாயி சேற்றைக் கடித்துத் துப்பிக் குழி தோண்டினாள். உள்ளே சுருண்டு படுத்தாள். அவள் மேலிருந்த வழவழப்பு காய்ந்து மெல்லிய உறையாக அவளை மூடியது. மூச்சுக்கு ஒரு சின்ன ஓட்டை மட்டும் மேலே இருந்தது. கடைசித் தண்ணீர் வற்றிய அன்று அந்த ஓட்டை வழியாகத் தாய்க் கெண்டையின் குரல் கேட்டது.

"சேறாயி! என் புள்ளைங்களையாவது உள்ள விடு!"

"இங்க காத்துதான் இருக்கு தாயி. உன் புள்ளைங்களுக்கு அதைக் குடிக்கத் தெரியாதே!"

மேலே செதிலப்பன் வெடித்த மண்ணில் கிடந்து வாயைத் திறந்து திறந்து காற்றை விழுங்கினார். காற்று வேண்டிய மட்டும் இருந்தது. அவருக்கு அது உதவவில்லை. நாரை நடந்தே வந்தது. அன்றைக்கு அதற்கு அவசரமே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து மழை பெய்தது. சேறாயி உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணனின் ஒரு எலும்புகூடக் கிடைக்கவில்லை. வாய்க்கால் வெள்ளம் புதுக் கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டது. அவள் மேலே போய் ஒரு வாய்க் காற்றை விழுங்கினாள்.

"ஏய், காத்துக்கு அலையுது பாரு!" என்று குஞ்சுகள் கெக்கலித்தன.

"நல்லாச் சிரிங்க. ஆனா நீங்க வந்த வாய்க்கால் எங்க இருக்குன்னு மட்டும் பாத்து வச்சுக்கோங்க" என்றாள் சேறாயி.

ஒரு குஞ்சுகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சேதி சொல்ல வந்தவன் நம் ஆள்தானா என்று சோதித்துக்கொண்டே இருந்தால், அவனும் போவான், நம் வழியும் அடைந்துபோகும்.