கரட்டூருக்குப் போடாத கோடு

மாட்டு டாக்டர் மாசிலாமணிக்குத் தலை நரைத்த பிறகுதான் இந்தக் கணக்குப் பைத்தியம் பிடித்தது. ஒரு தொழுவத்தில் கிளம்பும் நோய் அடுத்து எந்தத் தொழுவத்துக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கு. கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் நாச்சியாரிடம் போய் மாணவனாக உட்கார்ந்தார். அவளுக்கு அவர் வயதில் பாதிகூட இல்லை. ஆனாலும் வாய்க்கு வாய் டீச்சர்தான்.

அந்த வருஷம் மாடுகளுக்கு வாயிலும் காலிலும் புண் வைக்கும் கோமாரி வந்தது. ஓடைப்பட்டிக்கு நோய் வரும், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கரட்டூருக்கு வரவே வராது என்றது அவர் கணக்கு. ஓடைப்பட்டிக்கு வந்தது. கரட்டூருக்கும் வந்தது. அங்கே ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. ஊரே வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதது. பாவி மனிதர், செத்த கன்றுகளைத் தன் கையாலேயே குழியில் இறக்கினார். மறுநாள் வகுப்பறைக்கு வந்தார்.

"எனக்கு இந்தக் கணக்கே வேணாம் டீச்சர். எங்க தப்புன்னு மட்டும் சொல்லிடுங்க. அது தெரியாம எனக்குச் சோறு இறங்காது."

நாச்சியார் கரும்பலகையைப் பார்த்தாள். சந்தைக்கு ஒரு கோடு, பால் வண்டிக்கு ஒரு கோடு, மேய்ச்சலுக்கு ஒரு கோடு. நோய் ஊர்விட்டு ஊர் போகும் வழிகள்; எல்லாம் அவர் போட்டவை. கரட்டூருக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

"கணக்கு முடிஞ்சதும் யார்கிட்ட சொன்னீங்க டாக்டர்?"

"ஆபீசுக்கு எழுதினேன். ஒருத்தரும் சீந்தலை."

"வேற?"

"ஓடைப்பட்டியில எங்கக்கா இருக்கு. ரெண்டு பசுவை வச்சு வயித்தைக் கழுவுது. மனசு கேக்கலை, அதுகிட்ட சொன்னேன்."

"இப்ப போன் போடுங்க."

போட்டார். "அக்கா, நோய் வரும்னு சொன்னேனே, நீ என்ன செஞ்சே?"

"அன்னிக்கே ரெண்டு பசுவையும் கரட்டூர்ல மக வீட்டுக்கு ஓட்டிவிட்டேன். நீதானப்பா அங்க வராதுன்னே! வாயில புண்ணு இல்லை, காலுல புண்ணு இல்லை, நல்லாத்தான் நடந்து போச்சுங்க." அக்கா அழ ஆரம்பித்தாள். "அந்த ஊருக்கு எந்தச் சண்டாளன் கொண்டாந்தானோ தம்பி!"

புண் தெரிவதற்கு முன்னாலேயே மாடு நோயைப் பரப்பிவிடும். மாசிலாமணிக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்காவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. போனை வைத்தார். சாக்பீசை எடுத்து ஓடைப்பட்டியிலிருந்து கரட்டூருக்கு ஒரு கோடு இழுத்தார்.

"அப்ப என் கணக்கு தப்பா டீச்சர்?"

"கணக்கு சரியாத்தான் இருந்துச்சு டாக்டர். அதை ஒருத்தர் நம்பிட்டாங்க."